மோஷன் சென்சார் தொடர்பு விட்டுப்போனால்: என் அனுபவம்

ஜிக்பீ (ஸ்மார்ட் வீட்டுச் சாதனங்களை இணைக்கும் வயர்லெஸ் முறை) மோஷன் சென்சார் அடிக்கடி காணாமல் போனால் பலரும் முதலில் பேட்டரியை மாற்றுகிறார்கள். என் வீட்டில் கோளாறு இருந்தது டாங்கிள் பக்கம், அதாவது கணினியில் செருகி சென்சார்களோடு பேசும் யூஎஸ்பி கருவியில். யூஎஸ்பி 3.0 போர்ட் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும். டாங்கிளை அதில் நேரடியாகச் செருகினால் சென்சாரின் மெல்லிய சிக்னல் அமுங்கிவிடும். யூஎஸ்பி 2.0 போர்ட்டில் 1 மீட்டர் நீட்டிப்புக் கேபிள் போட்டு, கணினியையும் ரவுட்டரையும் விட்டுத் தள்ளி வைத்ததும் பெரும்பகுதி சரியானது. இதை முடிக்காமல் வேறெதையும் தொடாதீர்கள்.

அடுத்தது சேனல். ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குள் வைஃபையும் ஜிக்பீயும் ஓடும் தடம்தான் இது; இரண்டும் மோதக் கூடாது. வைஃபை சேனல் 1-இல் ஓடினால் ஜிக்பீக்கு சேனல் 20 அல்லது 25 வையுங்கள். மாற்றியபின் சில சென்சார்களை மறுபடி இணைக்க வேண்டிவரும்.

பேட்டரி சென்சார்கள் மற்றவற்றின் செய்தியைக் கடத்தாது. மின்சாரத்தில் ஓடும் ஸ்மார்ட் பிளக் கடத்தும். தூரத்து அறைக்குப் போகும் வழியில் ஒன்று வையுங்கள். ஸ்மார்ட் பல்பும் கடத்தும்தான், ஆனால் யாராவது சுவர் சுவிட்சை அணைத்தால் வழியே அறுந்துபோகும். அதை நம்ப வேண்டாம். சென்சாரை அது இருக்கப்போகும் இடத்திலேயே வைத்து இணையுங்கள்.

உயரம் 2 மீட்டர் போதும். ஆள் நேராக வருவதைவிடக் குறுக்கே கடப்பதைத்தான் சென்சார் சட்டென்று பிடிக்கும். எனவே வாசலுக்கு எதிரே மாட்டாமல் பக்கச் சுவரில் மாட்டுங்கள். வெயிலோ ஏசி காற்றோ நேரடியாகப் படும் இடத்தில் ஆளில்லாமலே விளக்கு எரியும்.