கார் மிஸ்ஸடித்தால் கொயில்தானா? வழக்கமாக விடுகிற பிழைகள்

வவுனியாவிலிருந்து வரும் வழியில் எல்லாரையும் போல முறிகண்டியில் நிறுத்தினேன். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய், எனக்கு ஒரு சரை கச்சான். கால் மணித்தியாலம் கழித்துக் காரை ஸ்ராட் செய்தால், அதுவரை சத்தமில்லாமல் வந்த எஞ்சின் மிஸ்ஸடித்துக் குலுங்கத் தொடங்கியது. அக்சிலேற்றரை மிதிக்க மிதிக்க இடறியது. எஞ்சின் லைற் விட்டு விட்டு மின்னியது. ஒருவாறு கிளிநொச்சி வரை உருட்டிக்கொண்டு வந்தேன். அடுத்த நாள் காலை கராஜுக்குக் கொண்டுபோனால் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி ஓடுகிறது. மெக்கானிக் பொனற்றைத் திறக்காமலே சொன்னார்: "கொயில் போட்டுது அண்ணை. நாலையும் மாத்துவம்."

கொயில் என்றால் சிலிண்டருக்குள் பெற்றோலைப் பற்றவைக்கிற ஸ்பார்க் பிளக்குக்கு உயர் வோல்ற் மின்சாரம் கொடுக்கிற பாகம். அவர் சொன்னது அரைவாசி சரி. கொயில்தான் போயிருந்தது, ஆனால் ஒன்றே ஒன்று. அது எது என்று பார்க்காமல் நாலுக்கும் காசு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

காரின் கணினியில் பதிந்த பிழையை வாசிக்கிற ஸ்கேனரில் வரும் இலக்கத்தைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதுதான் இதில் பெரிய பிழை. பி0303 என்று வந்தால், மூன்றாவது சிலிண்டரில் பெற்றோல் ஒழுங்காக எரியவில்லை என்பது மட்டுமே அதன் கருத்து. ஏன் எரியவில்லை என்று அது சொல்லாது. கொயில் போயிருக்கலாம், பிளக் தேய்ந்திருக்கலாம், பெற்றோல் தெளிக்கிற இன்ஜெக்ரர் அடைத்திருக்கலாம், சிலிண்டருக்குள் இருக்க வேண்டிய அமுக்கம், அதாவது கொம்பிரஷன், குறைந்திருக்கலாம். பி0353 என்று வந்தால் மூன்றாவது கொயிலின் மின்சுற்றில் பிழை. அப்போதும் கொயிலா, அதற்குப் போகிற வயரா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. வயலோரம் நிறுத்தி வைத்த காரில் எலி வயரைக் கடிப்பது எங்கள் பக்கம் ஒரு புதினமே இல்லை. அந்த இலக்கத்தை எழுதி வைக்காமல் "கிளியர் பண்ணிப் பாப்பம்" என்று அழித்துவிடுபவர்களும் உண்டு. அழித்தால் பிழை வந்த நேரத்தில் எஞ்சின் எவ்வளவு சூடு, எவ்வளவு வேகம் என்று கார் குறித்து வைத்ததும் சேர்ந்தே போய்விடும்.

ரொயோட்டா அக்சியோ, அலியன் மாதிரிக் கார்களில் ஒவ்வொரு பிளக்குக்கும் மேலே தனித்தனிக் கொயில் இருப்பதால் சோதனை சுலபம். எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, மூன்றாவது கொயிலைக் கழற்றி முதலாவதில் போடுங்கள். முதலாவதை மூன்றாவதில் போடுங்கள். கழற்றுமுன் மார்க்கரால் இலக்கம் எழுதிக்கொண்டால் பிறகு தலையைச் சொறியத் தேவையில்லை. காரை ஓட்டிவிட்டுத் திரும்ப ஸ்கேன் பண்ணுங்கள். பிழை முதலாவது சிலிண்டருக்கு, அதாவது 0301-க்குப் போயிருந்தால் கொயில்தான். 0303-இலேயே நின்றால் கொயிலைக் குறை சொல்லாதீர்கள். அடுத்து பிளக்கை மாற்றிப் பாருங்கள், அதற்கும் நகரவில்லை என்றால் வயர், இன்ஜெக்ரர், கொம்பிரஷன். கொயிலையும் பிளக்கையும் ஒரேயடியாக இடம் மாற்றக் கூடாது. பிழை நகர்ந்தாலும் எதனால் நகர்ந்தது என்று தெரியாது.

நானும் முதலில் கோட்டைவிட்டேன். கொயிலை மாற்றிப் போட்டு வீட்டு முற்றத்தில் ஐந்து நிமிடம் ஓடவிட்டேன், ஒன்றும் வரவில்லை. பிறகுதான் யோசித்தேன்: பிழை வந்தது ஓடும்போது அல்ல, முறிகண்டியில் நிறுத்தி எடுத்த பிறகு. எஞ்சினை நிறுத்தியதும் தண்ணீர் சுற்றுவது நிற்கிறது, காற்றும் இல்லை. உள்ளே இருக்கிற சூடு மேலே ஏறிக் கொயில்களை அவிக்கிறது. உள்ளே நுண்ணிய வெடிப்பு விழுந்த கொயில் அந்தச் சூட்டில்தான் காலை வாரும், ஆறினால் திரும்ப நல்ல பிள்ளை. சரி என்று இன்னொருமுறை முறிகண்டிக்கே போய், கால் மணித்தியாலம் நிறுத்தி, ஸ்ராட் செய்தேன். அதே குலுக்கம். ஸ்கேனரில் 0301.

பொருளாதாரத் தடைக் காலத்தில் துளிப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிய ஊர் இது. அந்தக் காலத்து மெக்கானிக்மாரின் கைப்பக்குவத்துக்கு முன்னால் நான் வாய் திறக்க மாட்டேன். ஆனால் எஞ்சின் ஓட ஓடப் பிளக் வயரைப் பிடுங்கிப் பார்க்கிற அவர்களின் வழக்கத்தை இந்தக் கார்களில் செய்யக் கூடாது. கொயிலில் பிறக்கிற இருபது, முப்பதாயிரம் வோல்ற் போக வழியில்லாமல் கொயிலின் உள்ளேயே பாயும், இல்லையென்றால் உங்கள் கையில் பாயும். பிளக்கைக் கழற்றி எஞ்சினில் தொட்டு நெருப்புப் பொறி பார்ப்பதையும் முழுதாக நம்ப முடியாது. திறந்த காற்றில் பொறி சுலபமாகப் பாயும். சிலிண்டருக்குள் அமுக்கத்தில் பாய்கிறதா என்பதல்லவா கேள்வி. மல்ரிமீற்றரும் அப்படித்தான். நாலு பின் உள்ள கொயிலில் கொயிலை இயக்குகிற மின்னணுச் சுற்றான இக்னைற்றர் உள்ளேயே இருப்பதால், பின்னில் வைத்து ஓம் அளந்து நல்லது கெட்டது சொல்ல முடியாது.

கொயிலை வெளியே எடுத்ததும் உடனே ஓரமாக வைத்துவிடாதீர்கள், வெயிலில் பிடித்துப் பாருங்கள். கீழே இருக்கும் கறுப்பு ரப்பர் குழாயில் பென்சிலால் கீறியது போல நெடுக்காக ஒரு மெல்லிய கோடு தெரிந்தால், மின்சாரம் பிளக்குக்குள் போகாமல் பக்கத்தால் ஒழுகியிருக்கிறது. பிளக்கின் வெள்ளைப் பீங்கானிலும் அதே கோடு இருக்கலாம். இருந்தால் இரண்டையும் மாற்ற வேண்டும். பீங்கானின் அடியில் வட்டமாக மண்ணிறக் கறை மட்டும் இருந்தால் பயப்படத் தேவையில்லை. ரப்பர் எண்ணெயில் ஊறியிருந்தால் எஞ்சினின் மேல்மூடிக்கு அடியில் உள்ள வால்வ் கவர் கஸ்கெற் கசிகிறது. அதை மாற்றாமல் புதுக் கொயில் போட்டால் அதுவும் ஊறிப் பழுதாகும். பக்கத்து வீட்டுக்காரர் இப்படி ஒரே சிலிண்டருக்கு இரண்டு கொயில் வாங்கினார்.

பிளக்கைக் கழற்றுமுன் குழியைக் காற்றடித்துச் சுத்தம் பண்ணுங்கள். எங்கள் கிரவல் ரோட்டுப் புழுதி சிலிண்டருக்குள் விழுந்தால் கதையே வேறு. பிளக் தேய்ந்து இடைவெளி கூடியிருந்தால் கொயில் ஒவ்வொரு பொறிக்கும் கூடுதலாக முக்க வேண்டும். பழைய பிளக்கை விட்டுக் கொயிலை மட்டும் மாற்றுவது அதனால்தான் பல இடங்களில் திரும்ப வேலை வைக்கிறது. ஹைபிரிட் கார் என்றால் முழுதாக ஓஃப் பண்ணாமல் பொனற்றுக்குள் கை வைக்காதீர்கள், எஞ்சின் தானாக ஸ்ராட் ஆகும்.

மின்னுகிற எஞ்சின் லைற்றோடு யாழ்ப்பாணம் வரை இழுத்துக்கொண்டு போவதும் வேண்டாம். எரியாத பெற்றோல் சைலன்சர் பக்கம் போய்ப் புகையைச் சுத்தப்படுத்துகிற கட்டலிட்டிக் கொன்வேட்டரைச் சூடாக்கிக் கெடுக்கும். அதன் விலையைக் கேட்டால் நாலு கொயிலும் மலிவாகத் தெரியும்.

என் காரில் ஒரு கொயிலும் நாலு பிளக்கும் மாற்றியதோடு வேலை முடிந்தது. பிறகு நல்லதாக ஒரு பாவித்த கொயில் கிடைத்தது. அதையும் பத்தாம் நம்பர் ஸ்பானரையும் ஒரு துணியில் சுற்றி டிக்கியில் போட்டிருக்கிறேன். இரவில் மாங்குளத்தால் திரும்பி ஒட்டுசுட்டான் ரோட்டில் போகும்போது மிஸ்ஸடித்தால், அந்த நேரத்தில் எந்தக் கடையைப் போய்த் தட்டுவது?