புது கார் ஆயில் சாப்பிடுகிறதா? பதற்றத்தில் நாம் செய்யும் தவறுகள்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, காரவள்ளியில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினேன். பக்கத்தில் ஒரு டூரிஸ்ட் வேன் ஓட்டுநர் பானெட்டைத் தூக்கி ஆயிலும் தண்ணீரும் பார்த்துக்கொண்டிருந்தார். என் டர்போ பெட்ரோல் காருக்கு அப்போது இரண்டு வயது. சர்வீஸ் முடிந்து ஆறாயிரம் கி.மீ.தான் ஓடியிருந்தது. அவரைப் பார்த்து நானும் ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவப் போனேன். “இப்ப பாக்காதீங்க சார், டீயக் குடிச்சிட்டு வாங்க. ஆயில் கீழ எறங்கட்டும்” என்றார்.

பத்து நிமிடம் கழித்து உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்தேன். நுனியில் ஒரு சொட்டு மட்டும் தொங்கியது. ஆயில் இதற்குக் கீழே போகக் கூடாது என்று காட்டும் கீழ்க்கோடு காய்ந்து கிடந்தது. “இதோடயா சார் மேல போயிட்டு வந்தீங்க?” என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. டேஷ்போர்டில் ஒரு விளக்கும் எரிந்திருக்கவில்லை.

எரியாததற்குக் காரணம் உண்டு. நம்மில் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறே அந்த விளக்கை நம்பியிருப்பதுதான். எண்ணெய்க் கிண்டி போன்ற அந்தச் சிவப்பு விளக்கு ஆயிலின் அழுத்தத்தைச் சொல்வது, அளவைச் சொல்வதல்ல. அது எரியும்போது பேரிங்குகளுக்கு ஆயில் போவது ஏற்கெனவே குறைந்திருக்கும். அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஓரம் கட்டி இன்ஜினை அணைப்பது. அளவைச் சொல்லும் சென்சார் சில கார்களில் உண்டு, பல கார்களில் இல்லை. உங்கள் காரில் எது இருக்கிறது என்பதைக் கையேட்டைப் பார்த்து இன்றே தெரிந்துகொள்ளுங்கள்.

“புது வண்டி, ஆயில் குறையாது” என்ற நினைப்பும் இதே வகைதான். உண்மையில், எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக இன்றைய இன்ஜின்களில் உராய்வைக் குறைத்திருக்கிறார்கள். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகள் முன்பு போலச் சிலிண்டரை இறுக்கிப் பிடிப்பதில்லை. ஆயிலும் 0டபிள்யூ-20, 0டபிள்யூ-16 என்ற கிரேடுகளில் தண்ணீராக இளகிவிட்டது. அதோடு டர்போவின் சூடு. சர்வீஸ் இடைவெளியோ பத்தாயிரம் கி.மீ. அல்லது ஒரு வருடம். சிறிய இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பில் மூன்று, நான்கு லிட்டர்தான் இருக்கும். அதில் ஒன்றரை லிட்டர் காணாமல் போனால் மீதி ஆயில் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேலை செய்ய வேண்டும்.

புதிய வடிவமைப்பே தவறிப்போன நிகழ்வுகளும் உண்டு. டொயோட்டாவின் 2ஏஇசட்-எஃப்இ என்ற 2.4 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் ஓர் உதாரணம். அமெரிக்காவில் விற்ற 2007-09 கேம்ரி உள்ளிட்ட கார்களில் அது ஆயிலைக் குடித்தது. ஆயில் ரிங்கிலும், வழித்த ஆயில் திரும்பிப் போக வேண்டிய பிஸ்டன் துளைகளிலும் கரி அடைத்துக்கொண்டது. கடைசியில் நிறுவனமே அங்கே உத்தரவாதத்தை நீட்டித்தது. சோதனையில் 1,200 மைலுக்கு ஒரு குவார்ட்டுக்கு மேல், அதாவது சுமார் 1,900 கி.மீ.க்கு ஒரு லிட்டருக்கு மேல் குறைந்த வண்டிகளுக்குத் திருத்திய பிஸ்டனும் ரிங்கும் போட்டுத் தந்தது. ஆக, “புது இன்ஜினில் இதெல்லாம் வராது சார்” என்று யாராவது சொன்னால் அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

கணக்கு இல்லாமல் ஊற்றுவது

எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் தவறு இது. குறைந்தது என்று தெரிந்ததும் ஒரு டப்பா வாங்கி, கண்ணால் மட்டம் பார்த்து ஊற்றிவிட்டு மறந்துவிடுகிறோம். பிறகு சர்வீஸ் சென்டரில் போய் “ஆயில் ரொம்பக் குறையுது” என்கிறோம். “எவ்வளவு சார், எத்தனை கிலோமீட்டருக்கு?” என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது. அவர்களும் “நார்மல்தான் சார்” என்று அனுப்பிவிடுவார்கள். எனக்கும் அதே பதில்தான் கிடைத்தது.

அந்த “நார்மலுக்கு” ஓர் அடிப்படையும் இருக்கிறது. ஆயிரம் கி.மீ.க்கு அரை லிட்டர் வரை, ஒரு லிட்டர் வரைகூடக் குறையலாம் என்று பல கையேடுகளில் அச்சிட்டே இருக்கிறது. இது நிறுவனம் தன்னைக் காத்துக்கொள்ள வைத்த மேல் எல்லை. நல்ல நிலையில் உள்ள இன்ஜின் அவ்வளவு குடிக்காது என்பது என் எண்ணம். ஆனால் எண்ணத்தை வைத்துக்கொண்டு சர்வீஸ் மேனேஜரிடம் வாதாட முடியாது, எண் வேண்டும்.

நான் செய்தது இதுதான். சனிக்கிழமை தோறும் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில், எப்போதும் அதே தூணருகில், சமதரையில் வண்டியை நிறுத்துவேன். இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் விடுவேன். கையில் பழைய வெள்ளை வேட்டித் துண்டு. முதல் இழுப்பைத் துடைத்துவிட்டு இரண்டாம் இழுப்பைத்தான் படிப்பேன். டிப்ஸ்டிக்கை ஒரு படம், ஓடோமீட்டரை ஒரு படம். ஊற்றினால், அளவுக்கோடு போட்ட பாட்டிலில் எத்தனை மில்லி இறங்கியது என்று குறிப்பேன். பல கார்களில் இரண்டு கோடுகளுக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு லிட்டர். ஆறு வாரத்தில் என் நோட்டு தெளிவாகச் சொன்னது: ஆயிரம் கி.மீ.க்கு 650 மில்லி.

ஒரு வார அளவை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். தினமும் இரண்டு மூன்று கி.மீ. மட்டும் ஓடும் வண்டியில், இன்ஜின் முழுச் சூடு ஏறும் முன்பே அணைத்துவிடுவதால், எரியாத பெட்ரோல் ஆயிலில் கலக்கும். ஆயில் எரிந்தாலும் மட்டம் குறையாதது போலத் தெரியும். பிறகு ஒருநாள் திருச்சி வரை போய்வந்தால் அந்தப் பெட்ரோல் ஆவியாகி, மட்டம் சட்டென்று இறங்கும். பிஎஸ்6 டீசல் கார்களில் மட்டம் ஏறுவதே உண்டு. புகைக் கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி, சேர்ந்த கரியை எரிக்கக் கூடுதல் டீசலைக் கேட்கிறது. அதில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாகச் சம்ப்புக்கு வந்துவிடும். மேல்கோட்டைத் தாண்டினால் “நல்லதுதானே” என்று விடாமல் ஆயிலை மாற்ற வேண்டும்.

கெட்டியான ஆயில், மந்திர டப்பா

காரவள்ளியில் என் காரை அங்கேயே விட்டுவிட்டு, வேன் அண்ணனோடு சேந்தமங்கலம் போய் ஆயில் தேடினேன். முதல் கடையில் 20டபிள்யூ-40ஐ எடுத்து நீட்டினார்கள். “கெட்டியா இருந்தா குறையாது சார்.” பழைய, தேய்ந்த இன்ஜினுக்கு அந்த வைத்தியம் கொஞ்சநாள் ஓடும். புது இன்ஜினில் ஆயில் போகும் வழிகளும் வால்வு டைமிங்கை மாற்றும் அமைப்பும் இளகிய ஆயிலுக்காகவே செய்யப்பட்டவை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கெட்டி ஆயில் டர்போவைச் சென்றடையத் தாமதமாகும். உத்தரவாதத்தைத் தட்டிக்கழிக்க நிறுவனத்துக்கு நாமே காரணமும் கொடுத்துவிடுகிறோம். கையேட்டில் மாற்றாகக் குறித்திருந்த 5டபிள்யூ-30 அடுத்த கடையில் கிடைத்தது. சரியான ஆயில் கிடைக்கவே இல்லையென்றால்? காய்ந்துபோன இன்ஜினை ஓட்டுவதைவிட, அதற்கு நெருங்கிய கிரேடில் அரை லிட்டர் ஊற்றி மெதுவாக ஓட்டி, பிறகு முழுவதும் மாற்றுவது மேல்.

மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் வேண்டாம். சுழலும் கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரையை பம்ப் சரியாக இழுக்காது. உபரி ஆயில் காற்றுக் குழாய்க்குள் போய் அதுவும் எரியும். “ஊற்ற ஊற்றக் குடிக்குதே” என்று புலம்புவோரில் சிலருக்கு நோயே இதுதான்.

லீக்கை அடைக்கும் திரவம், இன்ஜினைக் கழுவும் ஃப்ளஷ் என்று விற்கும் டப்பாக்களை உத்தரவாதம் உள்ள வண்டியில் நான் ஊற்றமாட்டேன்.

புகையைப் பார்த்துத் தீர்ப்பு

“நீலப் புகை வரலையே, அப்ப ஆயில் எரியல” என்பது கார்ப்யூரேட்டர் காலத்துக் கணக்கு. இப்போது சைலன்சருக்கு முன்னால் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. கொஞ்சமாக வரும் ஆயில் புகையை அது எரித்துவிடும், நம் கண்ணுக்குத் தெரியாது. அந்த உபகாரத்துக்கு அது விலையும் கொடுக்கிறது: ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் அதன் உட்பூச்சை மெல்ல மெல்லச் செயலிழக்கச் செய்துவிடும்.

புகை தெரிந்தால் அது எப்போது வருகிறது என்று பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு குப் என்று வந்து நின்றால், வால்வு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் சீலைச் சந்தேகிக்கலாம். ஏற்றத்தில் அழுத்தும்போது தொடர்ந்து வந்தால் ரிங். மலையிறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுக் கியரிலேயே இறங்கி, மறுபடி அழுத்தும்போது வந்தால் அதுவும் பெரும்பாலும் வால்வு பக்கம். பெட்ரோல் இன்ஜினில் அந்த நேரத்தில் உள்ளே வெற்றிடம் கூடி ஆயிலை உறிஞ்சும். அதற்காக நியூட்ரலில் இறங்கிவிடாதீர்கள். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால் அங்கே உயிருக்கே ஆபத்து.

இங்கேதான் அடுத்த தவறு: “ரிங் போச்சு, இன்ஜினைப் பிரிக்கணும்” என்றதும் சம்மதிப்பது. செலவு குறைந்த காரணங்களை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கீழே சொட்டுகிறதா? ஹெட் கவர் பேக்கிங், ஃபில்டர், டிரெயின் போல்ட் ஈரமாக இருக்கிறதா? டர்போ குழாயில் ஆயில் தேங்கியிருக்கிறதா? பி.சி.வி. வால்வு சரியா? இன்ஜினுக்குள் சேரும் வாயுவை மறுபடி எரிவதற்காகக் காற்றுக் குழாய்க்கு அளவாக அனுப்பும் வால்வு அது. அதன் ரப்பர் சவ்வு கிழிந்தால் ஆயிலும் சேர்ந்தே இழுபட்டு எரியும்.

வாய்வார்த்தையோடு விட்டுவிடுவது

சர்வீஸ் சென்டரில் நோட்டைக் காட்டியதும் பேச்சு மாறியது. ஆயில் சோதனை வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, வேலையைப் பதியும் ஜாப் கார்டில் என் புகாரை என் வார்த்தையிலேயே பதியச் சொன்னேன். ஆயிலை மேல்கோடு வரை நிரப்பி, டிரெயின் போல்ட்டிலும் மூடியிலும் டிப்ஸ்டிக்கிலும் சீல் வைத்து ஆயிரம் கி.மீ. ஓட்டிவரச் சொன்னார்கள். அந்தச் சமயத்தில் நீங்களாக ஒரு சொட்டு ஆயில்கூட ஊற்றாதீர்கள். மட்டம் கீழ்க்கோட்டைத் தொட்டால் உடனே அவர்களிடமே போங்கள்.

இடையில் வேறு எங்காவது ஆயில் மாற்றியிருந்தால் ஆயிலின் கிரேடு எழுதிய பில் கையில் இருக்கட்டும். உத்தரவாதம் முடியும் வாரம் வரை காத்திருக்கவும் வேண்டாம். முறையாகக் கேட்டும் தட்டிக்கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் அங்கே போக வேண்டும் என்பது 2019 சட்டத்தின் விதி. முதல் ஜாப் கார்டின் தேதி அங்கே உதவும்.

என் வண்டியில் கிழிந்திருந்தது பி.சி.வி. சவ்வுதான். உத்தரவாதத்திலேயே மாற்றினார்கள். மாற்றிய முதல் வாரமும் லேசாக ஆயில் வாடை வந்தது, மறுபடி பயந்துவிட்டேன். குழாய்களில் ஏற்கெனவே தேங்கிய ஆயில் எரிந்து தீரும் வரை அப்படித்தான் இருக்கும் என்றார் மெக்கானிக். மூன்றாவது சனிக்கிழமை வாடை போய்விட்டது. அடுத்த ஆயிரம் கி.மீ.க்கு நோட்டில் எழுதியிருப்பது: 60 மில்லி.