நரம்பு நோயாளிகளின் மனச்சோர்வுக்குப் பேசியே தரும் மனநல சிகிச்சை எங்கே சறுக்குகிறது?

"இப்படி ஒரு நோய் வந்தால் யாருக்குத்தான் மனசு விட்டுப்போகாது?" ஆறுதலாகச் சொல்லப்படும் இந்தப் பேச்சுதான் முதல் தவறு. பார்க்கின்சன், வலிப்பு, பக்கவாதம் போன்ற நரம்பு நோய்களில் மனச்சோர்வு சகஜம்தான். சகஜம் என்றால் கவனிக்காமல் விடலாம் என்று அர்த்தமில்லை. பார்க்கின்சனில் கை நடுங்கத் தொடங்கும் முன்பே மனச்சோர்வு தலைகாட்டுவதுண்டு. அதாவது நோயை நினைத்து வரும் கவலை மட்டுமல்ல, மூளையில் நடக்கும் மாற்றமும் அதில் சேர்ந்திருக்கிறது.

அடுத்தது, முகத்தைப் பார்த்து முடிவு கட்டுவது. பார்க்கின்சனால் முகத்தசை இறுகியவருக்குச் சிரிப்பு வந்தாலும் முகத்தில் தெரியாது. அசதியும் தூக்கக் கோளாறும் அப்படித்தான், இரண்டுமே நோயாலும் வரும். வலிப்பு உள்ளவர்களுக்கான ஆறு கேள்விப் பட்டியல் ஒன்று தூக்கம், பசி பற்றிக் கேட்பதே இல்லை. குற்ற உணர்வு, எதிலும் பிடிப்பின்மை என்று மனதை மட்டும் துருவுகிறது.

சந்திப்புக்கு நேரம் குறிப்பதில் நடக்கும் தவறை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்கென்னவோ பெரிய தவறே அதுதான். பார்க்கின்சனுக்கான லெவோடோபா மாத்திரை அடுத்த வேளை பதினொன்றரைக்கு, சந்திப்பு பதினொன்றுக்கு. முந்தைய மாத்திரையின் வேகம் அடங்கி, குரல் தேய்ந்து, பதில் வர அரை நிமிடம் ஆகிறது. எதிரே இருக்கும் சிகிச்சையாளர் "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதிவிடுகிறார்! மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் பேசுங்கள், அரை மணி நேரம் போதும். பேசியதை இரண்டு வரியில் எழுதிக் கையில் கொடுங்கள், மறதி பாதி விஷயத்தை விழுங்கிவிடும்.

அப்புறம், எல்லாப் பயத்தையும் "தவறான சிந்தனை" என்று திருத்தப் பார்ப்பது. ஏற்கெனவே விழுந்தவர் "விழுந்துவிடுவேன்" என்று சொன்னால் அது உண்மை. "அதனால் இனி வெளியே போகவே முடியாது" என்பதைத்தான் பேசிப் பார்க்க வேண்டும்.

வலிப்பு மாத்திரைகளில் லெவெடிராசெட்டம் போன்ற சில, எரிச்சலையும் சோர்வையும் தாமே கிளப்பும். புதிய மாத்திரைக்குப் பின் மனநிலை மாறினால் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்க வேண்டாம், அன்றே உதவி தேடுங்கள்.

கடைசியாகக் குடும்பம். 2011இல் வெளியான, பார்க்கின்சன் உள்ள 80 பேரிடம் நடந்த ஆய்வில், சிகிச்சை பெற்றவர்களைப் பராமரிப்போருக்கும் தனி அமர்வுகள் வைத்தார்கள். நடைமுறையிலோ கேள்வி கணவரிடம், பதில் மனைவியிடமிருந்து. மனைவி சொல்வதையும் கேட்க வேண்டும், சரி. ஆனால் பாதி நேரமாவது அவர் வெளியே உட்காரட்டும்.