அம்மாவின் குளிசைகளும் ஒரு போனும்

அம்மாவுக்கு 72 வயது. வெள்ளவத்தையில் எங்களோடு இருக்கிறார். சீனி, பிரஷர், தைரொயிட் மூன்றும் உண்டு. இரண்டு கிளினிக், நடுவில் தனியாரில் சனல் பண்ணிக் காட்டும் ஒரு டொக்டர். ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியாது. போன வருடம் பிரஷர் மருந்தான லொசாட்டனையே இரண்டு கம்பனிப் பெயர்களில் இரட்டிப்பாகக் குடித்திருக்கிறார். ஒருநாள் காலை குசினி வாசலில் சுவரைப் பிடித்தபடி அப்படியே இருந்துவிட்டார். பிரஷர் 92/58.

அதற்குப் பிறகுதான் போனில் மருந்து நேரத்தை நினைவூட்டும் மெடிசேஃப் செயலியைப் போட்டேன். வேறு செயலியும் சரிதான். ஆனால் வருத்தத்துக்கு ஒன்றென்று மூன்று வேண்டாம், எல்லாம் ஒன்றிலேயே இருக்கட்டும்.

முதலில் வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் மேசையில் கொட்டுங்கள். அட்டையின் பின்பக்கம் கம்பனிப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். அதையே பதியுங்கள். ஒரே பெயர் இரண்டு தரம் வந்தால் டொக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அடுத்தது நேரம். தைரொக்சினை வெறுவயிற்றில் தண்ணீரோடு, சாப்பாட்டுக்கு அரை மணிக்கு முன்னராவது போட வேண்டும். கல்சியம் அதற்கு நான்கு மணித்தியாலம் தள்ளி. சீனிக்கான மெட்ஃபோர்மின் சாப்பாட்டோடு. தைரொக்சினுக்குக் காலை 6 மணிக்கு அலாரம் வைத்தேன். அந்நேரம் அம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு நிற்பார். 5.15க்கு மாற்றிய பிறகுதான் சரிவந்தது. அலாரத்தில் 'சின்ன வெள்ளைக் குளிசை, தேத்தண்ணிக்கு முன்னம்' என்று தமிழிலேயே எழுதியிருக்கிறேன்.

போன் கமராவில் விரலை வைத்தால் பிரஷர் காட்டும் செயலிகளை நம்பாதீர்கள். மேற்கையில் சுற்றும் மெஷின்தான் வேண்டும். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து இருந்து, பேசாமல், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தரம் பார்த்துப் பதியுங்கள். இரத்தத்தில் சீனி 70 mg/dLக்குக் கீழே போனால் செயலியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்: மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். நினைவு தவறினால் வாயில் எதுவும் ஊற்றாமல் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

கிளினிக்குக்கு முதல்நாள் மருந்துப் பட்டியலையும் அளவுகளையும் ஒரு தாளில் அச்செடுத்து கிளினிக் கொப்பிக்குள் வைக்கிறேன். டொக்டருக்குக் கிடைப்பது சில நிமிடம். போனை நீட்டினால் தேடவே நேரம் போய்விடும்.

அம்மா குளிசையைத் தவறவிட்டால் எனக்கு அறிவித்தல் வரும்படியும் வைத்திருக்கிறேன். கோட்டையில் வேலையில் இருக்கும்போது வந்தால் உடனே அம்மாவுக்குக் கோல் எடுப்பேன். “இப்பதான் போட்டனான்” என்பார். அட்டையில் எத்தனை மிச்சம் என்று எண்ணச் சொல்வேன். எண்ணி முடியும்வரை போனை வைக்கமாட்டேன்.