உப்பு நீச்சல் குளத்தில் பி.எச். ஏறிக்கொண்டே போனால்

எங்கள் வீட்டுக் குளம் 50,000 லிட்டர். உப்பு முறைக்கு (தண்ணீரில் கரைத்த உப்பிலிருந்து கருவியே குளோரின் செய்துகொள்ளும் முறை) மாற்றிய முதல் வருடம் முழுக்க இதே கதைதான். சனிக்கிழமை ஆசிட் ஊற்றி பி.எச்.சை (தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் எண்) 7.2-க்கு இறக்குவேன். புதன்கிழமை பார்த்தால் 8-இல் நிற்கும். ஆசிட் ஊற்றியதில் ஆல்கலினிட்டியும் (ஆசிட்டைத் தாங்கிக்கொள்ளும் காரத்தின் அளவு) இறங்கியிருக்குமே என்று சமையல் சோடாவையும் கொட்டுவேன். பி.எச். அவ்வளவு வேகமாக ஏறியதற்கு அந்தச் சோடாவே காரணம் என்று புரியப் பல மாதம் ஆனது.

உப்புக் குளத்தில் பி.எச். ஏறுவது இயல்பு. கருவியில் குளோரின் உண்டாக்கும் தகடுகள் உள்ள பகுதியான செல்லுக்குள் மின்சாரம் பாயும்போது குளோரினோடு ஹைட்ரஜன் குமிழிகளும் உண்டாகின்றன. அவை தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ளிவிடும். அது போகப் போக பி.எச். ஏறும். ஆல்கலினிட்டி கூடக்கூட வெளியேறக் காத்திருக்கும் கார்பன் டை ஆக்சைடும் கூடும். ஆகவே முதலில் குறைக்க வேண்டியது ஆல்கலினிட்டியைத்தான். 60 முதல் 80 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) போதும்.

குறைக்கும் வழி எளிது, ஆனால் பொறுமை வேண்டும். ஆசிட் ஊற்றி பி.எச்.சை 7.2-க்குக் கொண்டுவாருங்கள். பிறகு, தண்ணீர் குளத்துக்குத் திரும்பும் குழாய்வாயை மேல்நோக்கித் திருப்பி, மேற்பரப்பு நன்றாகக் கொந்தளிக்கும்படி பம்பை ஓட விடுங்கள். ஆசிட் பி.எச்., ஆல்கலினிட்டி இரண்டையும் இறக்கும், காற்று பி.எச்.சை மட்டும் ஏற்றும். பி.எச். 7.8-ஐத் தொட்டதும் மறுபடி ஆசிட். எனக்கு ஆல்கலினிட்டி 120-லிருந்து 70-க்கு வர மூன்று வாரமும் சுமார் 5 லிட்டர் ஆசிட்டும் ஆயின.

ஆசிட்டில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி இரண்டும் கட்டாயம். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று, பம்ப் ஓடும்போது மெதுவாக ஊற்றுங்கள். வாளியில் கலப்பதானால் தண்ணீரில்தான் ஆசிட்டை விட வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை விடக்கூடாது. குளோரின் பக்கத்தில் அதை வைக்கவே வேண்டாம். இரண்டும் கலந்தால் நச்சுவாயு கிளம்பும்.

சோதிக்கும் தண்ணீரை முழங்கை ஆழத்தில், குழாய்வாய்க்குத் தள்ளி எடுங்கள். நான் காகிதப் பட்டையை விட்டுவிட்டு, சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் பார்க்கும் சோதனைத் திரவத்துக்கு மாறிவிட்டேன். குளோரின் 10 பிபிஎம்முக்கு மேல் இருந்தால் பி.எச். நிறம் தப்பாகக் காட்டும். அது இறங்கும்வரை காத்திருங்கள்.

அப்புறம் கால்சியம். செல்லின் தகடுகளை ஒட்டிய தண்ணீரில் பி.எச். குளத்தைவிட மிக அதிகம். அதனால் சுண்ணாம்பு முதலில் படிவது அங்கேதான். குளத்தில் வெள்ளைத் தூள்கள் மிதந்தால் செல்லைக் கழற்றிப் பாருங்கள். கால்சியம் 200 முதல் 400 பிபிஎம்முக்குள், சயனூரிக் அமிலம் (வெயிலில் குளோரின் அழியாமல் காப்பது) 60 முதல் 80 பிபிஎம்முக்குள் இருக்கட்டும். உப்பின் அளவு செல்லுக்குச் செல் மாறும். உங்கள் கருவியின் கையேட்டில் உள்ளதே கணக்கு.

ஆல்கலினிட்டி இறங்கிய பிறகு பி.எச்.சை 7.2-இல் பிடித்து வைக்கப் பார்க்காதீர்கள். எவ்வளவு கீழே இறக்குகிறோமோ அவ்வளவு வேகமாக ஏறும். நான் இப்போது 7.6-க்கும் 7.8-க்கும் நடுவில் விட்டுவிடுகிறேன். 8-ஐத் தொட்டால் 400 மில்லி ஆசிட், அவ்வளவுதான். சோடா டப்பாவை இந்த வருடம் இன்னும் திறக்கவில்லை.