வெளியே புழுக்கம், உள்ளே நடுக்கம்: ஏசி அலுவலகத்திற்கு உடுத்தும் முறை

சென்னையில் கத்திரி வெயில் நாளொன்றில் வெளியே 40 டிகிரியை ஒட்டிக் கொதித்துக்கொண்டிருக்கும்போது, பழைய மகாபலிபுரம் சாலைக் கட்டடங்களுக்குள் 21 அல்லது 22 டிகிரியில் குளிர் வீசிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் இடையே ஒரு கண்ணாடிக் கதவுதான் இருக்கிறது. "ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போ" என்பதே இதற்கு எல்லோரும் சொல்லும் வழி. ஆனால், ஸ்வெட்டர் போட்ட பிறகும் முதுகு சில்லிட்டுக்கொண்டே இருப்பது ஏன் என்பதை யாரும் விளக்குவதில்லை. மூன்று பக்கமும் குளிர்காற்று இறங்கும் ஓர் இருக்கையில் அமர்ந்து வேலை பார்க்கும் நான், இப்போது தவறாமல் கடைப்பிடிக்கும் முறையைக் கீழே படிப்படியாகத் தருகிறேன்.

படி 1: உங்கள் இருக்கையின் வெப்பநிலையை அளந்துகொள்ளுங்கள்

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிறிய டிஜிட்டல் வெப்பமானியே போதும். ஈரப்பதத்தையும் காட்டும் வகையாக இருந்தால் நல்லது. அதை மடிக்கணினியின் சூடான காற்று படாத இடத்தில் வைத்து, காலை, மதியம், மாலை என மூன்று வேளையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏசியில் வைத்திருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். அந்த எண்ணுக்கு ஏற்ப ஏசியை இயக்கும் உணரி வேறெங்கோ சுவரிலோ கூரையிலோ இருக்கும். உங்கள் தலைக்கு மேல் காற்று இறங்கும் வாய் இருப்பது அதற்குத் தெரியாது. ஒரு டிஷ்யூ தாளைக் கிழித்து, தோள் உயரத்தில் தொங்கவிட்டுப் பிடித்தால், காற்று எந்தப் பக்கத்திலிருந்து தாக்குகிறது என்பது தெரிந்துவிடும்.

மாலை அளவைத் தவறவிட வேண்டாம். அமர்ந்து வேலை செய்யும் ஒருவரின் உடல் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. எனவே ஆறு மணிக்குப் பாதிப் பேர் கிளம்பிவிட்டால், ஏசியின் ஓட்டம் அதற்கேற்பக் குறையாத தளங்களில் குளிர் மளமளவென்று கூடிவிடும்.

படி 2: முதலில் உலருங்கள், பிறகு போர்த்துங்கள்

பலரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான் என்பதால், சற்று விரிவாகவே சொல்கிறேன். இருசக்கர வாகனத்திலோ பேருந்திலோ வந்து இறங்கும்போது பனியனும் சட்டையின் முதுகுப் பகுதியும் நனைந்திருக்கும். வெளியே காற்றில் ஈரப்பதம் மிகுதி என்பதால் வியர்வை மெல்லத்தான் ஆவியாகும். ஏசி அறையின் காற்று அதைவிட வறண்டது. அத்துடன் அது வீசிக்கொண்டும் இருக்கும். உள்ளே நுழைந்தவுடன் துணியிலுள்ள ஈரம் வேகமாக ஆவியாகத் தொடங்கி, ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. அதில் பெரும்பங்கு உங்கள் உடலிலிருந்தே போகிறது. ஈரத்தின் மேல் ஸ்வெட்டரை மாட்டினால் அந்த ஈரம் விரைவில் வெளியேற வழியின்றி நெடுநேரம் முதுகோடு ஒட்டியே கிடக்கும். ஸ்வெட்டருக்குள்ளும் நடுங்குவதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே, நேராக இருக்கைக்குப் போகாமல் கழிவறைக்குச் சென்று, ஈரிழைத் துண்டால் முதுகையும் கழுத்தையும் அக்குளையும் துடைத்துவிட்டு, உள்பனியனை மாற்றிவிடுங்கள். கனமான டவலைவிட ஈரிழைத் துண்டு மேலானது. பையில் இடத்தை அடைக்காது, மதியத்திற்குள் உலர்ந்தும் விடும். பெண்கள் உள்ளே அணியும் சிலிப்பை மாற்றலாம். அல்லது வழிப்பயணத்திற்கு ஒரு பழைய குர்தி, அலுவலகத்திற்கு வேறொன்று என்று வைத்துக்கொள்ளலாம். அதன் பிறகு பத்து நிமிடம் மேலாடை எதுவுமின்றி உட்கார்ந்து, வியர்ப்பது முற்றிலும் நின்ற பிறகே ஸ்வெட்டரை எடுங்கள். உள்ளே வந்த சுகத்தில் குளிர்காற்று வாய்க்கு நேர்கீழே போய் நிற்கும் பழக்கத்தையும் விட்டுவிடுவது நல்லது.

இதில் பருத்தி பற்றிய என் கருத்துப் பலருக்குப் பிடிக்காது. இருக்கையில் அமர்ந்திருக்கும்போது பருத்திதான் சிறந்தது. ஆனால் வழியில் வியர்த்துக் கொட்டும்போது அது நீரை உறிஞ்சித் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் இழை ஏறத்தாழ நீரே உறிஞ்சாது. அதனால் வழிப்பயணத்திற்கு விளையாட்டு வீரர்கள் அணியும் மெல்லிய வலைப்பின்னல் பனியனும், மாற்றிக்கொள்வதற்குத் திருப்பூர்ப் பருத்திப் பனியனும் என் தேர்வு. கழற்றிய பனியனைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி வைத்தால் மாலைக்குள் நாறிவிடும். துளையுள்ள துணிப்பையில் போடுங்கள்.

படி 3: கனமான ஒன்றைவிட மெல்லிய இரண்டு

ஆடை எவ்வளவு வெப்பத்தைக் காக்கும் என்பதற்கு 'குளோ' என்றோர் அலகு உண்டு. 1941இல் ஆய்வாளர்கள் வகுத்தது. கோட்டு, சூட்டு அணிந்த ஒருவர் ஏறத்தாழ 1 குளோ. பேன்ட்டும் அரைக்கைச் சட்டையும் அதில் பாதிக்குச் சற்று மேல். மெல்லிய முழுக்கை ஸ்வெட்டர் சுமார் 0.25 கூட்டும். ஒவ்வொரு 0.1 குளோவுக்கும் ஏறக்குறைய 0.6 டிகிரி குறைவான வெப்பநிலையிலும் உடல் வசதியாக இருக்கும் என்பது பொறியாளர்களின் கணக்கு. அப்படியானால் ஒரு மெல்லிய ஸ்வெட்டர் ஒன்றரை டிகிரியை ஈடுகட்டும். உங்களுக்கு வசதியான வெப்பநிலையைவிட முதல் படியில் குறித்த எண்கள் எவ்வளவு குறைவு என்று பார்த்தால், எத்தனை அடுக்கு தேவை என்பது ஊகமாக இல்லாமல் கணக்காகவே கிடைத்துவிடும்.

மேலடுக்கு முன்பக்கம் திறப்பதாக இருக்கட்டும். தலைவழியே மாட்டும் ஸ்வெட்டரை மீட்டிங் நடுவே கழற்ற முடியாது. கம்பளியைவிடப் பருத்திப் பின்னல் கார்டிகனையே நான் பரிந்துரைப்பேன். நம் கடலோரப் புழுக்கத்தில் கம்பளியைப் பூச்சியிடமிருந்தும் பூஞ்சையிடமிருந்தும் காப்பாற்றுவது தனி வேலை. சேலை கட்டுபவர்களுக்கு முந்தானையே ஓர் அடுக்கு. அதை இரு தோளையும் சுற்றிப் போர்த்திக்கொள்ளவும் வேண்டாதபோது தளர்த்தவும் முடிவது வேறெந்த உடைக்கும் இல்லாத வசதி. சல்லடை போன்ற துப்பட்டா நேரடியாக வீசும் காற்றை நிறுத்தாது; நெருக்கமாக நெய்த கைத்தறிச் சால்வை நிறுத்தும்.

படி 4: கால், கை

மேசை இழுப்பறையில் ஒரு ஜோடி உலர்ந்த காலுறை எப்போதும் இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதன் அருமை தெரியும். விரல்கள் மரத்துப்போனால் கையுறை தேடாதீர்கள். உடலின் நடுப்பகுதி குளிரும்போதும் விரல்களுக்குப் போகும் இரத்தம் குறைகிறது. கையில்லாத ஸ்வெட்டரை மார்புக்குப் போட்டால் பெரும்பாலும் விரல்கள் தாமாகவே சூடாகிவிடும்.

படி 5: கணக்கோடு கேளுங்கள்

"ரொம்பக் குளிருது" என்று சொன்னால் பராமரிப்புப் பிரிவினர் தலையாட்டிவிட்டுப் போவார்கள். இருக்கை எண், நேரம், வெப்பநிலை மூன்றையும் எழுதிக் கொடுத்தால், குறைந்தது காற்று வாயின் தகட்டையாவது திருப்பி வைப்பார்கள். ஏசியின் அளவை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்று மத்திய மின்துறையின் கீழ் இயங்கும் எரிசக்தித் திறன் பணியகம் (பி.இ.இ.) சொல்கிறது. 2020 ஜனவரி முதல், நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏசிகள் 24 டிகிரியை இயல்பு நிலையாகக் கொண்டே வருகின்றன. அந்த விதி மைய ஏசியைக் கட்டுப்படுத்தாது என்றாலும், மின்கட்டணம் பற்றிய பேச்சு நிர்வாகத்தின் காதில் விழும்.

பின்சேர்க்கை: இரவுப் பணி செய்யும் வாசகர்கள் சிலர், இரண்டாம் படி தமக்குப் பொருந்தவில்லை என்று எழுதியிருந்தார்கள். வியர்க்காமல் வருபவர்களுக்கு அது தேவையில்லைதான். ஆனால் விடியற்காலை நான்கு மணி வாக்கில் உடலின் வெப்பநிலையே இயல்பாகத் தாழும் என்பதால், அந்த நேரத்திற்கென்று ஓர் அடுக்கு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். சீருடைக்கு மேல் எதுவும் அணியக் கூடாது என்ற விதி உள்ளவர்கள், மெல்லிய முழுக்கைத் தெர்மல் உள்ளாடையைச் சீருடைக்குள் அணியலாம். அதை வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு வந்தால் வழியிலேயே நனைந்துவிடும் என்பதால், பையில் எடுத்து வந்து, உடலைத் துடைத்த பிறகு மாட்டிக்கொள்ளுங்கள்.