பழைய சரக்குக் கப்பலின் பூர்வீகத்தைத் தேடுவது எப்படி?

பெயரை நம்பாதீர்கள். கப்பல் கை மாறினால் பெயர் மாறும், அப்புறம் கொடி, புகைபோக்கியின் நிறம். ஐஎம்ஓ (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) முறையில் கப்பலுக்குக் கிடைக்கும் ஏழு இலக்க எண் மட்டும் உடைக்கிற நாள் வரை கூடவே வரும். குறித்துவைத்த எண் சரியா என்று நான் இப்படித்தான் பார்ப்பேன்: முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். 9074729 என்றால் மொத்தம் 139 வரும். அதன் கடைசி 9 ஏழாவது இலக்கத்தோடு பொருந்துகிறது, சரி.

கப்பலை நேரில் பார்க்க முடிந்தால் முன்பக்கம் போங்கள். பெயரைப் பெரும்பாலும் வெல்டிங் எழுத்தில் போட்டிருப்பார்கள். புது உரிமையாளர் அதைத் தேய்த்தெடுக்கச் சோம்பல்பட்டு மேலேயே பெயின்ட் அடித்துவிடுவார். நண்பகலில் ஒன்றும் தெரியாது; வெயில் சாய்வாக விழும்போது மேடுகள் நிழல் காட்டும், எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம். பின்பக்கத்தில் பழைய பதிவுத் துறைமுகமும் இப்படிச் சிக்கலாம். கப்பல் மணியையும் விடாதீர்கள், பழைய பெயர் அதில் பொறித்திருக்கலாம்.

காகிதத்துக்கு வந்தால், 2004 முதல் சர்வதேசப் பயணம் போகும் பெரிய கப்பல்களில் பெயர், கொடி, உரிமையாளர் மாற்றங்களைத் தேதியோடு சொல்லும் பதிவேடு கட்டாயம். அதற்கு முந்தைய கதைக்கு லாயிட்ஸ் ரெஜிஸ்டர் என்ற கப்பல் பட்டியல் புத்தகங்கள். உரிமையாளராகப் போட்டிருக்கும் கம்பெனி பல நேரம் அந்த ஒரு கப்பலுக்காகவே தொடங்கியது. நிர்வகிப்பது யார் என்று தேடுங்கள்.